மூன்றடித் தொட்டியில் ஒத்துவாழும் மீன்கள்: சுபாவம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வைகைக்கரையான் (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற என் தந்தைக்காக வீட்டுக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி அமைத்திருக்கிறேன். நீளம் 36 அங்குலம், அகலமும் உயரமும் 18 அங்குலம். மணல், கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக ஏறத்தாழ 160 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. இரண்டு ஸ்பாஞ்ச் பில்டர்களும் வெளியே தொங்கும் பில்டர் ஒன்றும் ஓடுகின்றன. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பில்டரில் வளர்வதற்காக, மீன் இல்லாமலேயே அம்மோனியா சேர்த்து ஐந்து வாரங்கள் ஓட்டியதில், இப்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டுகின்றன. தண்ணீர் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 650 வரை வருகிறது. சித்திரை, வைகாசியில் தொட்டி நீரின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரண்டடித் தொட்டியில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போய், கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததில் எல்லாம் ஒன்றிரண்டு வாங்கிவந்தேன்: இரண்டு ஏஞ்சல், நான்கு டைகர் பார்ப், ஒரு ரெட் டெயில் ஷார்க், சில கப்பிகள், கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர். ஒரு மாதத்துக்குள் ஏஞ்சல்களின் வயிற்றுப்பக்கத் துடுப்புகள் கடிபட்டு முளைக்குச்சிகள் போல ஆகிவிட்டன. காலையில் விளக்கைப் போட்டால் அவை இரண்டும் பில்டரின் பின்னால், கண்ணாடி மூலையில், வாலை மேலே தூக்கியபடி ஒண்டிக்கொண்டு நிற்கும். கப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. அந்தத் தொட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் தந்தை, நாளடைவில் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அது என்னை மிகவும் வருத்தியது.

இந்த முறை கடைக்காரர் ஒருவர் சொன்ன பட்டியல் இது: இரண்டு ஏஞ்சல், இரண்டு கிளவுன் லோச், ஒரு ரெயின்போ ஷார்க், பத்து நியான் டெட்ரா, ஒரு சக்கர். எனக்கு நிறம் முக்கியமில்லை. தந்தை அருகே வந்தால் அடையாளம் கண்டு முன்னால் வருகிற, தனக்கென்று பழக்கவழக்கங்கள் உள்ள, பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றுகிற மீன்கள் வேண்டும். அதே சமயம் ஒன்றையொன்று துன்புறுத்தக் கூடாது. இரண்டும் ஒரே தொட்டியில் கூடிவருமா என்பதே என் கேள்வி.

---

பாசிமணல் (சென்னை) எழுதியது:

வணக்கம் நண்பரே. கூடிவரும். அந்தப் பட்டியலை மட்டும் முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் உள்ள மீன்கள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் எதுவும் உங்கள் தொட்டியில் தன் இயல்பான குணத்தைக் காட்ட முடியாது என்பதுதான் காரணம்.

கிளவுன் லோச் கடையில் இரண்டு அங்குலக் குட்டியாகத்தான் கிடைக்கும். சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீனான அது, நன்றாக வளர்த்தால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஐந்தாறாகச் சேர்ந்தால்தான் விளையாடும், பக்கவாட்டில் சாய்ந்து உறங்கும், டிக் டிக்கென்று ஒலி எழுப்பும். அதற்கு ஆறடித் தொட்டியாவது வேண்டும். இரண்டை மட்டும் மூன்றடியில் விட்டால் கல்லுக்குள் ஒளிந்தே காலத்தைக் கழித்துவிடும். ரெயின்போ ஷார்க் உங்கள் பழைய ரெட் டெயில் ஷார்க்கின் நெருங்கிய உறவு. தரை முழுவதையும் தன்னுடையது என்று நினைப்பது. வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு நியான் டெட்ரா சரியான அளவு உணவு. அதோடு நியான், 26 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்காத மீன். மதுரை வெயிலில் அதை வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை. சக்கர் ஓரடிக்கு மேல் வளர்ந்து, கழிவால் தொட்டியை நிரப்பிவிடும். வளர்ந்துவிட்டதே என்று பலரும் அதை ஏரியிலும் கண்மாயிலும் விட்டதால்தான், இன்று நம் நீர்நிலைகளில் அது பெருகி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

இனி, உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மீனுக்குச் சுபாவம் உண்டா என்றால், கட்டாயம் உண்டு. இருபது ஆண்டுகளாகத் தொட்டியின் முன் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அஞ்சி நிற்கும் மீனுக்கு ஒரே ஒரு சுபாவம்தான் இருக்கும்: ஒளிவது. தன் இனத்தார் போதிய எண்ணிக்கையில் பக்கத்தில் இருந்து, ஒதுங்க இடம் இருந்து, துரத்துவோர் இல்லாமல் இருந்தால்தான் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாக வெளிப்படும். ஆகவே வகைக்கு ஒன்றாகப் பத்து வகை வாங்குவதைக் காட்டிலும், மூன்றே வகையை நிறைய எண்ணிக்கையில் வாங்குவது நல்லது. உங்கள் பழைய தொட்டியில் நடந்ததும் இதுதான். டைகர் பார்ப்பைப் பத்துப் பன்னிரண்டாக வைத்தால் அதன் கடியும் துரத்தலும் பெரும்பாலும் தன் கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும்; நான்கை மட்டும் விட்டதால் அவற்றின் கவனம் ஏஞ்சலின் நீண்ட துடுப்பின்மேல் போயிற்று. இருந்தாலும், நீண்ட துடுப்புள்ள எந்த மீனோடும் டைகர் பார்ப்பைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் முடிவு.

தேர்வை வெப்பத்திலிருந்து தொடங்குங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைந்துவிடும். வெப்பம் கூடக் கூட மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடிக்கொண்டே போகும். எனவே கோடையைக் கருதி, காற்றையும் நேரடியாக உறிஞ்சத் தெரிந்த மீன்களை முதலில் நினைத்துப் பார்க்கலாம்.

அப்படி நினைத்தால் முதலில் வருவது முத்துக் கௌராமி, கடைகளில் பேர்ல் கௌராமி என்று கேட்க வேண்டும். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் சதுப்பு நீர் மீன். தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை உறிஞ்சும் தனி உறுப்பு அதற்கு இருப்பதால், சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போகும். 10 முதல் 12 சென்டிமீட்டர் வளரும். உங்கள் தந்தைக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதென்றால் இதைத்தான் கொடுப்பேன். அதன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் நூல் போல நீண்டு, தொட்டுச் சுவைத்து அறியும் உணர்கொம்புகளாக மாறியிருக்கின்றன. புதிய கல் ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். சற்றுத் தூரத்தில் நின்று, ஒரு நூலை முன்னால் நீட்டி, கல்லின் விளிம்பை மெல்லத் தடவி, பின்வாங்கி, மறுபடி மற்ற நூலால் தடவும். கண் தெரியாத இருட்டில் சுவரைத் தொட்டு நடப்பவர் போலவே இருக்கும். என் தொட்டியில் உள்ள பெண் மீன் ஒன்று, வாரந்தோறும் நான் கண்ணாடியைத் தேய்க்கும்போது என் மணிக்கட்டின் ரோமத்தை இப்படித் தடவிப் பார்க்காமல் விடாது. மற்ற இரண்டு பெண்களும் கையைக் கண்டால் செடிக்குப் பின்னால் போய்விடுகின்றன. ஒரே பண்ணையில் பிறந்து ஒரே நாளில் வாங்கிவந்தவைதான்.

இந்த நூல்களைத்தான் டைகர் பார்ப்பும் செர்பே டெட்ராவும் கடித்துவிடும். கௌராமியை வைப்பதென்று முடிவு செய்தால் அவை இரண்டையும் மறந்துவிட வேண்டும்.

தரைக்குக் கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி எனும் சிறு மீசை மீன். ஆறுக்குக் குறையக் கூடாது. உங்கள் தொட்டிக்கு எட்டு வாங்கலாம். அதில் வெண்கல நிறக் கோரியோ ஸ்டெர்பை கோரியோ வாங்குங்கள். பாண்டா கோரியும் புள்ளி போட்ட பெப்பர் கோரியும் குளிர்ந்த நீரை விரும்புபவை, மதுரைக்கு வேண்டாம். கோரியும் மேலே பாய்ந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எட்டும் மூக்கைத் தரையில் வைத்து உழுதுகொண்டே போகையில் ஒன்று திடீரென்று அம்பு போல் மேலே பாய்ந்து திரும்பும். அடுத்த நொடியே மற்றொன்று பாயும். அதன் கண்விழி கீழ்நோக்கிச் சுழலும்போது நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவது போலவே இருக்கும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மிகவும் பிடித்த காட்சி அது. தரையில் கூர்மையான சரளைக்கல் இருந்தால் அதன் மீசை தேய்ந்துவிடும் என்பதால், நன்றாகக் கழுவிய மென்மணல் அவசியம். துடுப்பு முள்ளை விறைத்துக்கொள்ளும் மீன் ஆகையால் வலையில் சிக்கினால் எடுப்பது கடினம். ஒரு கிண்ணத்தால் மொண்டு மாற்றுங்கள்.

நடுநீருக்கு ஒரு சிறு கூட்டம் வேண்டும். என் பரிந்துரை செர்ரி பார்ப், பத்து. பார்ப் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இது யாரையும் கடிப்பதில்லை. நடுநீரில் சிறு மீன்கள் அமைதியாகத் திரிவதைக் கண்டால்தான் கௌராமியும் வெளியே வரத் துணியும். கண்ணாடிப் பாசிக்குச் சக்கருக்குப் பதிலாக மூன்று நெரைட் நத்தைகளை விடுங்கள். கடின நீர் அவற்றின் ஓட்டுக்கு நல்லது. நன்னீரில் அவை பெருகுவதும் இல்லை.

---

நொய்யல் (கோயம்புத்தூர்) எழுதியது:

பாசிமணல் ஐயா சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஆனாலும், சுபாவம் என்று கேட்பவருக்குச் சிக்லிட் குடும்பத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது என்று நினைக்கிறேன்.

நான் நான்கு ஆண்டுகளாக ராமிரேசி, அதாவது கடைக்காரர்கள் புளூ ராம் என்று சொல்லும் மீனை வளர்த்துவருகிறேன். வெனிசுவேலா, கொலம்பியாவின் ஒரினோக்கோ ஆற்றுப் படுகையிலிருந்து வந்தது. 28, 29 டிகிரியை விரும்பி ஏற்கும். என் இணை ஒவ்வொரு முறை முட்டையிடும் முன்பும் ஒரு தட்டைக் கல்லை வாயால் நக்கி நக்கி இரண்டு நாட்கள் சுத்தம் செய்யும். ஆண் முட்டைகளுக்கு மேலே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பெண் சாப்பிட்டுத் திரும்பி வந்ததும் இடம் மாறிக்கொள்ளும். ஒரு நாள் இரவு விளக்கை அணைக்கும் நேரத்தில், வழிதவறிப் போன ஒரு குஞ்சை ஆண் மீன் வாயில் கவ்விக் கொண்டுவந்து குழியில் துப்பியதைப் பார்த்தேன். அதன் பிறகு அந்தத் தொட்டியின் விளக்கைச் சட்டென்று அணைக்க எனக்கு மனம் வருவதில்லை. அறை விளக்கை எரியவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்தே அணைக்கிறேன்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், மிகவும் மென்மையானது. உங்கள் 650 டிடிஎஸ் ஆழ்துளை நீரில் ராம் நெடுநாள் நலமாக இருக்காது. ஆர்ஓ நீரைப் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு வாரமும் அதே விகிதத்தைக் காப்பாற்ற முடியுமென்றால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். கடின நீரிலேயே குடும்பம் நடத்தும் சிக்லிட் வேண்டுமென்றால் நைஜீரியாவின் கிரிபென்சிஸ் இருக்கிறது. பெண்ணின் வயிறு செர்ரிப் பழம் போலச் சிவந்து, அதுவே ஆணின் முன் வளைந்து நெளிந்து அழைப்பு விடுக்கும். ஆனால் குஞ்சு பொரித்த பின் தரைப்பக்கம் யாரையும் நெருங்கவிடாது. நான் ஒருமுறை கோரிகளோடு ஓர் இணையை வைத்தேன். மணலை உழுதுகொண்டே போகும் கோரிக்கு ‘இது பிறர் இடம்’ என்று புரிவதேயில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே போய்க் கடிபட்டது. ஒன்றின் கண் போய்விட்ட பிறகே நான் பிரித்தேன். முன்பே பிரித்திருக்க வேண்டும். ஆகையால் கோரியா, கிரிபென்சிஸா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு மீன்களைப் பற்றியும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். கேரள ஆறுகளில் வாழும் பீ பஃபர் எனும் குட்டிப் பேத்தை மீன் மூன்று சென்டிமீட்டர் கூட இருக்காது. இரு கண்களையும் தனித்தனியே சுழற்றி உங்கள் விரலைத் தொடர்ந்து பார்க்கும். சுபாவத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் பொதுத்தொட்டிக்கு அது ஆகாது. கௌராமியின் நூல், நத்தையின் உடல், எதையும் விட்டுவைக்காது. அதற்கென்றே செடிகள் நிறைந்த தனித்தொட்டி வேண்டும். மற்றொன்று மிஸ் கேரளா என்று விற்கப்படும் டெனிசன் பார்ப். 15 சென்டிமீட்டர் வளர்ந்து, ஓடும் குளிர்ந்த நீரில் கூட்டமாக விரைவது அது. இயற்கையில் அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் இனம். மூன்றடித் தொட்டியில், 32 டிகிரியில் அதை அடைப்பது சரியாகாது.

---

களனிக்கரை (அவிசாவளை, இலங்கை) எழுதியது:

செர்ரி பார்ப் எங்கள் நாட்டுக்கே உரிய மீன் என்பதால் சில வரிகள் எழுத விரும்புகிறேன். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையான ஆற்றுப்படுகைகளின் நிழலான சிற்றோடைகளில் மட்டுமே இது இயற்கையாக வாழ்கின்றது. நான் பிறந்த இறப்பர்த் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில், சிறுவயதில் இதைப் பார்த்திருக்கின்றேன். வெயில் படாத இடத்தில், உதிர்ந்த இலைகள் படிந்த அடித்தரைக்கு ஒரு சாண் உயரத்தில், அசைந்தும் அசையாமலும் நிற்கும். மழை பெய்து ஓய்ந்த பின்னர் ஆண் மீன்கள் இரத்தச் சிவப்பாக மாறி ஒன்றையொன்று சுற்றிவரும். காடு குறைந்ததாலும், ஏற்றுமதிக்காக அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் இப்போது ஓடைகளில் அருகிவிட்டது. இன்று கடைகளில் விற்கப்படுபவை பண்ணைகளில் பெருக்கப்பட்டவை, அவற்றையே வாங்குங்கள்.

இந்த மீனை நிறம் மங்கியது என்று பலர் கைவிடுவதற்குக் காரணம், வெள்ளை மணலும் கூசும் வெளிச்சமும் உள்ள தொட்டியில் அதை வளர்ப்பதுதான். நிழல் கிடைத்தால் மட்டுமே ஆண் மீன் சிவக்கும். மேலே மிதக்கும் செடிகளை விட்டு, காய்ந்த பாதாம் இலைகள் இரண்டு மூன்றைத் தரையில் போட்டுவையுங்கள். பத்து மீன்கள் என்றால் நான்கு ஆணும் ஆறு பெண்ணுமாக இருக்கட்டும். பெண் மீன் பழுப்பு நிறமாக, வயிறு சற்றுப் பருத்து இருக்கும். சிவந்தவற்றை மட்டும் பொறுக்கி வாங்கினால் பெண்ணே இல்லாத கூட்டமாகிவிடும். ஆண்கள் யாருக்காகச் சிவக்க வேண்டும்?

---

முத்துச்சிப்பி (திருச்சி) எழுதியது:

முத்துக் கௌராமியை ஆறு ஆண்டுகளாக வளர்ப்பவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆண் ஒன்று, பெண் மூன்று என்ற கணக்கில் மட்டும் வாங்குங்கள். சாதுவான மீன் என்று நம்பி முதலில் நான் இரண்டு ஆண்களை விட்டேன். ஓராண்டு வரை ஒரு சிக்கலும் இல்லை. பிறகு பெரியவன் மிதக்கும் செடிகளின் அடியில் நுரைக்கூடு கட்டத் தொடங்கிய நாள் முதல், சின்னவன் தொட்டியின் எதிர்மூலையை விட்டு நகரவே முடியவில்லை. உணவு போட்டால் எல்லாரும் உண்ட பிறகே மேலே வருவான். நிறம் வெளிறிப்போயிற்று. அவனை என் அக்கா வீட்டுத் தொட்டிக்கு மாற்றிய பத்தே நாட்களில் தொண்டைப் பகுதி செம்மஞ்சளாக மின்னத் தொடங்கியது. அதே மீன்தான்.

கடையில் ஆண் பெண் பார்ப்பது எளிது. முதுகுத் துடுப்பு நீண்டு, பின்னால் கூராக முடிந்தால் ஆண். குட்டையாக வட்டமாக இருந்தால் பெண். ஆறு சென்டிமீட்டருக்கும் சிறிய குட்டிகளில் இது தெரியாது. எனவே கொஞ்சம் வளர்ந்தவற்றையே கேட்டு வாங்குங்கள்.

---

வைகைக்கரையான் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாவற்றையும் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். கௌராமி நூலால் தடவிப் பார்க்கும் என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். ஆகவே முத்துக் கௌராமி நான்கு, செர்ரி பார்ப் பத்து, வெண்கலக் கோரி எட்டு, நெரைட் நத்தை மூன்று என்று முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு ஐயங்கள் உள்ளன. உறவினர் ஒருவர் வீட்டில் யோயோ லோச் என்ற மீனைத் தந்தை பார்த்திருக்கிறார். அது செத்ததுபோல் படுத்துக் கிடந்து பின் எழுந்து ஓடியதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் இரண்டைச் சேர்க்கலாமா? மேலும், எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடலாமா, அல்லது எந்த வரிசையில் விடுவது?

---

பாசிமணல் எழுதியது:

யோயோ லோச் அருமையான மீன்தான். நம் கங்கைச் சமவெளி ஆறுகளுக்கு உரியது. இளம் மீனின் உடம்பில் உள்ள வரிகள் ஆங்கில எழுத்துகளில் யோயோ என்று எழுதியது போலத் தெரிவதால் அந்தப் பெயர். ஆனால் அதுவும் ஐந்து இருந்தால்தான் நிம்மதியாக வாழும். 12 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தரைக்கு வரும் உணவைக் கோரி மோந்து கண்டுபிடிப்பதற்குள் யோயோ முடித்துவிடும். உங்கள் மூன்று நத்தைகளையும் ஒரே வாரத்தில் ஓடு மட்டும் மிஞ்சும்படி செய்துவிடும். தந்தையின் ஆசையைத் தட்ட எனக்கும் மனமில்லை. ஆனாலும் இந்தத் தொட்டியில் வேண்டாம். பின்னாளில் நான்கடித் தொட்டி அமைத்தால், அதை யோயோவை மையமாக வைத்தே திட்டமிடுங்கள்.

நொய்யல் நண்பர் சொன்ன கிரிபென்சிஸ் பற்றிய கருத்தை நானும் முழுமையாக ஏற்கிறேன். என் பட்டியலில் சிக்லிட்டை விட்டதற்குக் காரணம் உங்கள் தண்ணீரும் கோரிகளும் மட்டுமே.

வரிசையைப் பொறுத்தவரை, ஒரே நாளில் அனைத்தையும் விடாதீர்கள். பில்டரில் உள்ள நுண்ணுயிர்கள் அவ்வளவு கழிவை ஒரே மூச்சில் தாங்காமற்போகலாம். முதலில் செர்ரி பார்ப் பத்தையும் ஒன்றாக விடுங்கள். கூட்டமாக வாழும் மீனைப் பிரித்துப் பிரித்து வாங்கினால், முதலில் வந்த மூன்று நான்கும் அஞ்சியே பழகிவிடும். மூன்று வாரம் கழித்து, அம்மோனியாவைச் சோதித்த பின் கோரிகள். அதற்கும் மூன்று வாரம் கழித்து, கடைசியாகக் கௌராமி. இடத்துக்கு உரிமை கொண்டாடும் மீன் எதுவோ அது கடைசியில் வர வேண்டும்; அப்போதுதான் மற்றவை ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்குள் தான் புதிதாக வருவதாக அது அடங்கி நுழையும். உங்கள் பழைய இரண்டடித் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஸ்பாஞ்ச் பில்டரை அதில் மாற்றி வைத்து, வாங்கிவரும் ஒவ்வொரு தொகுதியையும் மூன்று வாரம் அதில் தனியே வைத்துப் பார்த்து, வெண்புள்ளி நோயோ துடுப்பு அழுகலோ இல்லையென்று உறுதியான பிறகே கூடத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். இதில் அவசரப்பட்டு நான் ஒரு முழுத் தொட்டி மீன்களை இழந்திருக்கிறேன்.

கோடைக்கு, மூடியைச் சற்று விலக்கி வலை போட்டு, ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசும்படி வையுங்கள். ஆவியாவதாலேயே நீர் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்படி ஆவியாகிக் குறையும் அளவை மட்டும் ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்புகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன; அதன்மேல் மறுபடியும் ஆழ்துளை நீரையே ஊற்றினால் டிடிஎஸ் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது வழக்கமான ஆழ்துளை நீரையே பயன்படுத்தலாம். மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் மட்டும் ஆன்டி குளோரின் சேர்க்க வேண்டும்.

இனித் தந்தைக்கான பகுதி. கௌராமிகளைத் தொட்டியில் விட்ட முதல் இரண்டு வாரம் அவை செடிக்குள்ளேயே இருக்கும். வாங்கியது வீணாகிவிட்டதோ என்று அவர் வருந்த வேண்டாம். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், அவர் கையாலேயே உணவு போடட்டும். காலையில் மிதக்கும் சிறு பெல்லட்டும், மாலையில் உறையவைத்த ஆர்ட்டீமியா எனும் சிற்றிறாலும் போதும். கோரிகளுக்கான மூழ்கும் வில்லையை விளக்கை அணைத்த பின் போடுங்கள். கண்ணாடியைத் தட்டுவதும், திடீரென்று எழுவதும் கூடாது. நாற்காலியை அந்த மூலைக்கு நேராக, ஒரு முழத் தொலைவில் போட்டு, உணவு போட்ட பிறகும் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு நாள், உணவு போடாமல் விரல் நுனியை மட்டும் நீர்ப்பரப்பில் அசையாமல் வைத்துப் பார்க்கட்டும்.

---

வைகைக்கரையான் எழுதியது:

நன்றி ஐயா. செர்ரி பார்ப் பத்தும் நேற்று மாலை தனித்தொட்டிக்கு வந்துவிட்டன. நான்கு ஆண், ஆறு பெண். பக்கத்து வீட்டுப் பாதாம் மரத்தடியில் தந்தையே இலை பொறுக்கிவந்து, கழுவி, வெயிலில் காயவைத்திருக்கிறார். நாற்காலியை இன்று காலை கூடத்துத் தொட்டியின் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். தொட்டியில் இன்னும் ஒரு மீனும் இல்லை.